எந்த ஊர் ஆட்டக்காரன்?

திருச்சிக்கு வந்த புதிதில் என்னைச் சிலர் சீனாக்காரன் என்றார்கள், சிலர் கூர்க்கா என்றார்கள். யுத்த காலம் வேறு. ஒருநாள் பாலக்கரையில் ஒரு போலீஸ்காரர் என்னை நிறுத்தி, நீ ஜப்பான்காரனா என்று கேட்டார். என் கையில் அரை வீசை புளி இருந்தது. ஜப்பான்காரன் பாராசூட்டில் குதித்துப் பாலக்கரையில் புளி வாங்கவா வருவான்? நாக்கு நுனி வரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். பெரிய கடைவீதிக்குப் பின்னால் இன்னார் வீடு என்று சொன்னதும், "அட, தமிழ் நல்லாப் பேசுறியே" என்றார். ரங்கூனில் எங்கள் தெருவில் விடிந்தால் அடைந்தால் தமிழ்தான். இதை எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பது? வாய் வலித்ததுதான் மிச்சம்.

அத்தா திருச்சிக்காரர். இளவயதிலேயே கப்பலேறிப் போய் ரங்கூனில் ஜவுளிக்கடை வைத்தார். இங்கே அவருக்கு ஒரு மனைவி, அதாவது என் பெரியம்மா. அவருக்குப் பிள்ளை இல்லை. அங்கே ஒரு மனைவி, பர்மாக்காரி. அவள்தான் என் அம்மா. ஜப்பான்காரன் குண்டு போட்டு ஊரே ஓடியபோது தங்கச்சி கைக்குழந்தை. மலைப்பாதையில் இவளைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்று அம்மா தன் அண்ணன்மாரோடு பெகு பக்கம் போய்விட்டாள். அத்தாவும் நானும் நடந்தோம். அத்தா வழியிலேயே மௌத்தாகிவிட்டார். அடக்கம் செய்த இடத்தைக் காட்டு என்றால் இன்று என்னால் காட்ட முடியாது. நான் மட்டும் திருச்சி வந்து சேர்ந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, பெரியம்மா எனக்குச் சாப்பாட்டிலும் துணிமணியிலும் ஒரு குறை வைத்ததில்லை. ஆனால் அந்த வீட்டில் என் அம்மாவைப் பற்றிப் பேச்சே கிடையாது. சக்களத்தியைப் பற்றி அவர் ஏன் பேசப்போகிறார்? நானும் வாயைத் திறக்கவில்லை. பர்மாவிலிருந்து தபால் நின்றுபோயிருந்தது. அம்மா இருக்கிறாளா இல்லையா என்பதே தெரியாமல் தினமும் மூன்று வேளை உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பந்தாட்டம் எனக்கு அம்மா வழியில் வந்தது. பிரம்பு பின்னிய பந்து ஒன்று அங்கே உண்டு. நாலைந்து பேர் வட்டமாக நின்று, கீழே விழாமல் காலாலும் முழங்காலாலும் தட்டுவார்கள். மாமன்மார் எனக்கு அதை நடக்கப் பழகின நாளிலிருந்தே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அதனால் தோல் பந்து என் காலை விட்டுப் போகாது. குடைக்கடை முதலாளி ஒருவர் எங்கள் பக்கத்துப் புட்பால் டீமுக்குச் செயலாளர். நான் ஆடுவதை ஒருநாள் பார்த்துவிட்டு, மறுநாளே லெப்ட் அவுட்டில் இறக்கினார். ஜனங்கள் கரையில் நின்று, "சப்பை மூக்கா, பாஸ் குடுடா" என்று கத்துவார்கள். எதிரிகள் இல்லை, எங்கள் ஆட்களேதான். கேட்டால் அன்பாகத்தான் கூப்பிடுகிறோம் என்பார்கள். அன்பாம்! ஆனாலும் எனக்கு ஆட வேண்டும். பந்து என் காலில் இருக்கும் நேரத்தில் மட்டும்தான் நீ எங்கிருந்து வந்தவன் என்று ஒருத்தனும் கேட்கமாட்டான்.

அந்த வருஷம் ஷீல்டு போட்டியில் பைனலுக்கு வந்துவிட்டோம். அந்தந்த ஊர்க்காரர்கள்தான் அந்தந்த டீமில் ஆடலாம் என்பது போட்டியின் சட்டம். பைனல் அன்று சாயங்காலம், ஆட்டம் ஆரம்பிக்கப் போகும்போது, எதிர் டீம்காரர்கள் கமிட்டி மேஜையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். இவன் ரங்கூனில் பிறந்தவன், தாய் பர்மாக்காரி, இவன் எப்படித் திருச்சிக்காரன் என்று ஆட்சேபணை. அவர்களுடைய சென்டர் பார்வேர்டு பாலக்காட்டிலிருந்து ரயிலேறி வந்தவன். மூக்கு எடுப்பாக இருந்ததால் அவனை எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. 

கமிட்டித் தலைவர் ஸ்ரீரங்கத்து வக்கீல் ஒருவர். நெற்றியில் பளிச்சென்று நாமம், பேச்சில் நிதானம். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, தகப்பனார் கடல் கடந்து போய் அங்கேயே காலம் கழித்தவர், ஆனாலும் தாயாராவது இந்த ஊர்தான் என்றால் ஆட்சேபணையைத் தள்ளிவிடுகிறேன் என்றார். எங்கள் செயலாளர் சற்றும் யோசிக்கவில்லை. இவனைப் பெற்ற தாய் இதே ஊரில், கடைவீதிக்குப் பின்னால் இருக்கிறார், ஆளனுப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அடித்துவிட்டார். பிறகு என் காதோரம் குனிந்து, "பெரியம்மாதான் உன்னைப் பெத்தவங்க. வாயைத் திறக்காதே" என்றார்.

எங்கள் வீட்டுப் பெண்கள் கோஷா. வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். அவர்கள் சொன்னதை வீட்டு ஆண் ஒருவர் வந்து சபையில் சொல்வதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை நம்பித்தான் செயலாளர் கதை விட்டார். ஆட்டம் பார்க்க வந்திருந்த என் சின்னத்தாவை, அதாவது அத்தாவின் தம்பியை, அனுப்பினார்கள். அவர் போய்விட்டு வந்து, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. நான் தலையைக் குனிந்து நின்றேன். அம்மா உயிரோடு இருக்கிறாளோ என்னவோ, இங்கே ஒரு ஷீல்டுக்காக அவள் என் அம்மாவே இல்லை என்று ஆக்குகிறார்கள், நானும் பேசாமல் நிற்கிறேனே என்று நினைத்தேன். அப்படியும் எனக்கு ஆட வேண்டும் என்றுதான் இருந்தது.

சின்னத்தா திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் திரை கட்டின ஜட்கா ஒன்று மைதானத்துக்குள் நுழைந்தது. செயலாளருக்கு முகம் வெளுத்துவிட்டது.

வக்கீல் எழுந்து போய், வண்டிக்குச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். சிரமம் கொடுத்ததற்கு க்ஷமிக்க வேண்டும் என்றார். இந்தப் பிள்ளைக்குத் தாயார் தாங்கள்தானா என்று கேட்டார்.

திரைக்குள்ளிருந்து பதில் தெளிவாக வந்தது. "நான் பெரியம்மா. பெத்தவ பர்மாவுல இருக்கா."

செயலாளர் பதறிப்போய் இடையில் விழுந்தார். பெரியம்மா அவரைப் பேச விடவில்லை.

"இருக்குறவள மௌத்தாக்கச் சொல்றீங்களா?" என்றார். அதோடு நிற்காமல் என் அம்மாவின் பெயரைச் சொன்னார். பர்மாப் பெயர், நீளமான பெயர், ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார். இந்த ஊரில் அந்தப் பெயர் என் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை. அது அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

வக்கீல் வண்டியைப் பார்த்துக் கை கூப்பினார். பிறகு, உள்ளதைச் சொன்னீர்கள் அம்மா, ஆனால் பையன் ஆட முடியாது என்றார். எதிர் டீம்காரர்கள் கைதட்டினார்கள். செயலாளர் என் பனியனைக் கழற்றச் சொல்லி இன்னொருவனிடம் வீசினார். உங்கள் வீட்டு விவகாரத்துக்கு எங்கள் ஷீல்டுதான் கிடைத்ததா என்று அவர் கேட்டதை நான் மறக்கவில்லை.

ஜட்காவில் வண்டிக்காரர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். பின்னால் விசில் ஊதி ஆட்டம் ஆரம்பமானது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்ணே தெரியவில்லை. தெப்பக்குளம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. திரும்பிப் பார்க்காமலே, "ஒரு ஆமா சொல்லியிருக்கலாமே பெரியம்மா" என்றேன்.

"சொல்லியிருக்கலாம்" என்றார் திரைக்குள்ளிருந்து. கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடி பேசினார். "சண்டை முடிஞ்சு கப்பல் விட்டா, அவ புள்ளையத் தேடிக்கிட்டு இங்கதான் வருவா. இவன் அம்மாதான் உள்ள இருக்காங்களே, நீ யாருன்னு இந்த ஊரு அவளைக் கேக்கும். அப்ப நான் என்ன பதில் சொல்லுவேன்?"

 அம்மா வருவாள் என்று இந்த ஊரில் நான் ஒருத்தன்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அதுவரை இருந்தேன்.