பாலம் தாண்டிய பாசஞ்சர்

கணினியில் ரயில்வே சிக்னல் இயக்கிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. எண்பதுகளின் கால அட்டவணையைப் போட்டு, விழுப்புரம்–திண்டிவனம் வண்டிகளை ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லாமல் ஓட்டியதை நேற்று இந்தக் குழுவில் பீற்றிக்கொண்டேன்.

இன்று அதைப் படித்துவிட்டு, திண்டிவனத்திலிருந்து ஒரு பெண் வீடியோ காலில் வந்தார்.

“எங்கப்பா அப்போ அந்த லைன்ல தண்டவாளம் பாக்கற கேங்மேன் சார். காலைல பாசஞ்சர் போனப்புறம்தான் பாலத்துல ஏறுவாரு. அன்னிக்கு வண்டி லேட்டு. போயிருக்கும்னு நெனச்சிக்கினு ஏறிட்டாரு. ஒரு தபா டைமுக்கு ஓட்டிக் காட்டுங்க.”

என் திரையை அவருக்கும் காட்டி ஓட்டினேன். பாசஞ்சரைக் குறிக்கும் சிவப்புக் கோடு பாலத்தைக் கடந்தது.

“இப்ப ஏறுப்பா” என்றார், திரையைப் பார்த்து.

அதன்பின் எந்த வண்டிக்கும் நான் சிக்னல் கொடுக்கவில்லை. நேற்று பாராட்டியவர்கள் மன்னிக்கவும், விழுப்புரத்தில் ஐந்து வண்டிகள் நிற்கின்றன.

நீங்களாக இருந்தால் விடுவீர்களா?