நோயின் பெயர் குடி

எண்பத்தாறாம் ஆண்டு எனக்கு முப்பத்தொன்பது வயது. அரசாங்கக் கூட்டுத்தாபனம் ஒன்றின் பட்டறையில் லேத் இயந்திரத்தில் வேலை. காலையில் கொஞ்சம் சாராயம் உள்ளே போகாவிட்டால் கை நடுக்கம் நிற்காது. நெல்லியடிச் சந்தியில் பஸ் ஏறுமுன் அதை முடித்துக்கொள்வேன். குடித்தாலும் வேலையில் பிழை விடமாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

அந்த வைகாசியில் ஓர் இரும்புத் தண்டை அளவுக்கு மேல் கடைந்து பாழாக்கினேன். போர்மன் ஏசவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு மெசினுக்குக் கிட்ட வராதையும். விரல் போயிடும்," என்றார்.

அதற்கு முன்பு இரண்டு தரம் அரசாங்க ஆசுப்பத்திரியில் கிடந்திருக்கிறேன். அங்கே காசு கட்டத் தேவையில்லை. ஆனால் கட்டிலுக்கு எப்போதும் ஆள் காத்திருக்கும். நடுக்கம் நின்றதும் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டி அனுப்பிவிடுவார்கள். நானும் வரும் வழியிலேயே சாராயத் தவறணைக்குள் நுழைந்துவிடுவேன். இந்தமுறை பார்த்த டொக்டர், யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று கிழமையாவது தங்கவேண்டும் என்றார். அது எங்களுக்கு எட்டாத விசயம் என்று நான் எழும்பிவிட்டேன். மனைவி எழும்பவில்லை.

"உங்கடை கந்தோரில காப்புறுதி எண்டு மாசாமாசம் சம்பளத்தில வெட்டுறாங்கள்தானே. அது என்னத்துக்கு?" என்று கேட்டாள்.

மறுநாள் கந்தோருக்குப் போனேன். காப்புறுதிப் படிவங்களைப் பார்க்கும் கிளாக்கர் என்னை நன்றாகத் தெரிந்தவர். 'நோயின் பெயர்' என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"ஈரல் வீக்கம் எண்டு டொக்டரிட்டை எழுதி வாங்கும். குடி எண்டு எழுதினா கொழும்புத் தலைமைக் கந்தோரில மறுத்துப் போடுவினம். தானாத் தேடின வருத்தத்துக்குக் காசில்லை எண்டு விதி இருக்கு."

எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஈரல் நோய் என்றால் மரியாதையான வருத்தம். டொக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் படிவத்தை வாங்கி மேசையில் வைத்தார்.

"உம்மடை ஈரல் இன்னும் பழுதாகேல்லை. இல்லாத வருத்தத்தை நான் எழுதமாட்டன். குடியை விடமுடியாமல் இருக்கிறதும் வருத்தம்தான். அதைத்தான் எழுதுவன்."

எழுதினார். அந்த மையைப் பார்க்க எனக்கு உடம்பு கூசியது. பத்து வருசமாகப் பட்டப்பகலில் குடித்தவன் நான். ஒழுங்கையில் விழுந்து கிடந்தும் இருக்கிறேன். ஆனாலும் கந்தோரில் நாலுபேர் அதை எழுத்தில் வாசிப்பார்கள் என்பதைத் தாங்க முடியவில்லை. கிழித்துவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"ஊருக்கே தெரிஞ்சதைக் கடுதாசிக்கு ஒளிச்சு என்ன செய்யிறது?" என்றவள், படிவத்தைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் முதல் ஐந்து நாள் எனக்குச் சரியாக நினைவில் இல்லை. சுவரில் எறும்புகள் ஊர்வதாகச் சொல்லிக்கொண்டே இருந்தேனாம். பிறகு சாப்பாடு ருசித்தது. அதே டொக்டர் அங்கேயும் காலையில் வந்து கட்டிலின் கால்மாட்டில் இருந்து கதைப்பார். புத்தி சொல்லமாட்டார். எந்த நேரத்தில் குடிக்க மனம் வருகிறது, அப்போது பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று கேட்பார். யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. பதில் தேட எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

நான் அங்கே கிடக்கும்போதே கொழும்பிலிருந்து மறுப்புக் கடிதம் வந்திருக்கிறது. மனைவி எனக்குச் சொல்லவில்லை. டொக்டரிடம் இன்னொரு கடிதம் வாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, தனியாகக் கந்தோருக்குப் போயிருக்கிறாள். அங்கே நடந்ததைக் கிளாக்கர்தான் பிறகு எனக்குச் சொன்னார்.

"தானாத் தேடினதுக்கு இல்லை எண்டு நான் விதியைக் காட்டினன். உம்மடை மனிசி சத்தம் போடேல்லை. 'மலேரியாக்காரனிட்டை, ஏன் நுளம்புவலை கட்டேல்லை எண்டு கேட்டு மருந்தை மறிப்பியளோ?' எண்டு கேட்டா. உள்ளுக்கு இருந்த மனேச்சர் எழும்பி வந்திட்டார்."

மனேச்சர் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதி, டொக்டரின் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினார். அந்த நாட்களில் சண்டையால் கொழும்புப் பாதை அடிக்கடி மறிபடும். பதில் வர ஐப்பசியாகிவிட்டது. மருத்துவமனை அதுவரை காசுக்குப் பொறுத்துக்கொண்டது. கட்டிலுக்கும் மருந்துக்கும் தருவதாக எழுதியிருந்தார்கள்; வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்துக்கு இல்லை. 'நோய் என ஏற்றுக்கொள்ளப்படுகிறது' என்று ஒரு வரி இருந்தது. காசு வரப்போகிறது என்பதைவிட அந்த வரி எனக்குப் பெரிதாக இருந்தது. நான் முகம் காணாத யாரோ ஒருவர் என்னைக் கெட்டவன் என்று எழுதாமல் நோயாளி என்று எழுதியிருந்தார்.

அதற்குள் நான் மறுபடி லேத்தில் நின்றேன். குடி அத்தோடு ஒரேயடியாக விட்டுப்போனது என்று சொன்னால் பொய். அடுத்த வருசம் ஒரு கலியாண வீட்டில் தவறினேன். விடிந்ததும் நானாகவே டொக்டரிடம் போனேன். அதன்பிறகு தொடவில்லை.

அந்தக் கலியாணத்துக்கு முன்பு, கொழும்பிலிருந்து பதில் வந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பட்டறையில் வெல்டிங் செய்யும் ஒருவர் சைக்கிளோடு எங்கள் வீட்டுப் படலையில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். மனைவி தேத்தண்ணி வைக்கப் போனதும் மெல்லக் கேட்டார்.

"அண்ணை, அந்தப் போமில என்னெண்டு எழுதினனீங்கள்?"

சொன்னேன்.

"கந்தோரில எல்லாரும் வாசிப்பினம், என்ன?"

"ஓம். வாசிப்பினம்."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பிறகு பட்டறையில் என்னைக் கண்டால் விலகிப் போனார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். தை பிறந்தபின் ஒரு நாள் காலையில் வந்து, "டொக்டரிட்டை இண்டைக்குப் போவமோ?" என்றார். லீவு சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன். பஸ்சில் யன்னல் பக்கம் அவரை இருத்தினேன். அன்று காலை அவர் குடிக்காமல் வந்திருந்தார். கோப்பாய் தாண்டும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.