கோயில் ஒலிபெருக்கியில் என் குரல்

மக்காச்சோள மூட்டைகளை ஒரு மூலைக்குத் தள்ளிய பிறகுதான் என் ரேடியோ நிலையத்துக்கு இடம் கிடைத்தது. நிலையம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு பழைய தையல் மெஷின் மேஜை, அதன் மேல் நானே பற்றவைத்துச் செய்த டிரான்ஸ்மிட்டர், ஒரு ரிசீவர், ஒரு மைக், ஹெட்போன். அவ்வளவுதான். பாலிடெக்னிக்கில் படித்தபோது அரசாங்கத் தேர்வு எழுதி வாங்கிய அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ், கல்யாணப் பட்டுப்புடவைக்கு அடியில் பல வருஷம் தூங்கிக் கிடந்தது. பாடாலூருக்கும் செட்டிகுளத்துக்கும் நடுவில் உள்ள இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, மாடும் கன்றும் வெங்காயம் சேமிக்கும் பட்டறையுமாக நாள் ஓடிப்போன பிறகு, போன வருஷம்தான் அதை வெளியே எடுத்து, முகவரி மாற்றி வாங்கினேன்.

கணவர் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். ரேடியோ வைக்கட்டுமா என்று கேட்டபோது, "எதையாவது பண்ணு, கரண்ட் ஷாக் மட்டும் அடிச்சுக்காத" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மிச்சமெல்லாம் நானும் என் மாமியாரும்தான்.

மாமியாருக்கு ரேடியோ எதற்கு என்பது இன்றுவரை புரியவில்லை. "பேசணும்னா போன்ல பேச வேண்டியதுதான புள்ள? கையிலயே வச்சிருக்க" என்றார். இதில் யார் நம்பரும் வேண்டாம், காற்றில் பேசினால் யாராவது கேட்டுப் பதில் சொல்வார்கள் என்று விளக்கினேன். "தெரியாதவன்கிட்டப் பேசுறதுக்கா இவ்ளோ கம்பி?" என்று கேட்டவர்தான், மறுநாள் காலை கடப்பாறையை எடுத்துக்கொண்டு ஏரியல் கம்பத்துக்குக் குழி வெட்டினார். களத்தின் ஓரத்துக் கெட்டி மண். நான் ரெண்டு குத்து குத்திவிட்டு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டார். சவுக்குக் கம்பை நிமிர்த்தும்போதும் கீழே பிடித்தது அவர்தான். எர்த் கம்பியை எப்போதும் ஈரமாக இருக்கும் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் புதைத்தோம்.

ஏரியல் கட்டிய மறுநாளே அதில் தன் புடவையைக் காயப்போட்டுவிட்டார். கம்பி தொய்ந்து வில்லாக வளைந்து கிடந்தது. நான் போட்ட கூச்சலில் கோழிகளே ஓடிவிட்டன. "கொடி மாதிரிதான இருக்கு, எனக்கு என்ன தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே புடவையை எடுத்து வைக்கோல் போர் மேல் போட்டார். அதன் பிறகு ஒரு நாளும் அந்தக் கம்பியைத் தொட்டதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதன் கீழே பந்து விளையாடினால் விரட்டுவார்.

இப்படிப்பட்டவரைப் பற்றித்தான் நான் அப்படிச் சொன்னேன்.

காலையில் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றி, சாணி அள்ளி, மாட்டுக்குத் தண்ணி காட்டி, சமையலை முடித்தால் எனக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் ரேடியோவில் தமிழ் பேசுகிற ஒரு கூட்டம் கூடும். கோயம்புத்தூர், மதுரை, சென்னை என்று பல ஊர்க்காரர்கள். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், படித்தவர்கள், நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர்கள். அவர்கள் நடுவே ஒரு பெண் குரல் கேட்டதும் அத்தனை பேருக்கும் சந்தோஷம். "வாங்க மேடம், வாங்க மேடம்" என்றார்கள். இந்த ஊரில் என்னை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு நான் மயங்கிவிட்டேன் என்று சொல்லவே கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

எந்த ஊர் என்று கேட்டார்கள். பெரம்பலூர் என்றேன். பொய்யில்லை, மாவட்டம் அதுதானே. டவுன்லயா மேடம் என்று கேட்டார்கள். ஆமாங்க என்றேன். அங்கே தொடங்கியது. பிறகு எங்கள் ஓட்டு வீடு மாடி வீடாகிவிட்டது. ஏரியல் சவுக்குக் கம்பிலிருந்து மொட்டை மாடிக்கு ஏறிவிட்டது. கொட்டகையில் மாடு கத்தியது மைக்கில் கேட்டபோது, "பக்கத்து வீட்ல மாடு வளக்குறாங்க, ஒரே தொந்தரவு" என்றேன். கத்தியது எங்கள் செவலை. அன்று காலையில்தான் அதன் விலாவில் நெற்றியைச் சாய்த்துப் பால் கறந்திருந்தேன்.

ஆடி மாதம் வந்தது. எங்கள் தெருக் கோடியில் இருக்கும் மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை தோறும் கூழ் ஊற்றுவார்கள். வீட்டுக்கு வீடு கூழ் காய்ச்சிக் குடத்தில் எடுத்துப்போய்க் கோயில் அண்டாவில் கொட்ட வேண்டும். மைக்செட்காரர் வந்து வேப்பமரத்தில் ஒன்று, தெரு நெடுகக் கம்பங்களில் சில என்று ஒலிபெருக்கிகளைக் கட்டிவிட்டார். ஒயர் எங்கள் வேலியை ஒட்டியே போனது. எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் அதைப் பார்த்த உடனே யோசித்திருக்க வேண்டும். நான் செய்தது பழைய முறை டிரான்ஸ்மிட்டர். பக்கத்தில் நீளமாக ஒயர் கட்டிய ஆம்ப்ளிபயர் இருந்தால் அதற்குள் புகுந்து அப்படியே பேசும். எனக்குத் தெரியும். ஆனால் அன்று காலைக் கூட்டத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது வாசலிலிருந்து மாமியார் சத்தம் போட்டார். "ஏ புள்ள! நான் கூழ் எடுத்துட்டுக் கோயிலுக்குப் போறேன். கன்னுக்குட்டி அவுத்துக்கிட்டு நிக்குது, வந்து பிடிச்சுக் கட்டு!" வயல் வரப்பிலிருந்து வரப்புக்குக் கேட்கிற குரல் அது. சாத்திய கதவெல்லாம் அதற்கு ஒரு பொருட்டா? மைக் திறந்திருந்தது. கோயம்புத்தூர்ப் பெரியவர் சிரித்தார். "வீட்ல யாரோ கூப்பிடுறாங்க போலிருக்கே மேடம், போய்ட்டு வாங்க, நாங்க இருக்கோம்" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றேன். "வீட்டு வேலைக்கு வர்ற அம்மா. அது எப்பவுமே கத்தித்தான் பேசும். நீங்க சொல்லுங்க."

சொல்லிவிட்டு என்ன வகை மைக் நல்லது என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். நன்றாகவே பேசினேன்.

வெளியே வந்து பார்த்தால் கன்றுக்குட்டி தாயிடம் போய் வயிறு முட்டக் குடித்துவிட்டு வாயில் நுரையோடு நிற்கிறது. சாயங்காலப் பால் போயிற்று. அதைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே மைக்செட்காரர் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அக்கா, நீங்க உள்ள பேசுறது எங்க ஆம்ப்ளிபயர்ல வருதுங்க. பாட்டு மாத்துறதுக்கு நிப்பாட்டினேன், அப்பப் பாத்து உங்க குரலு. ஊரு பூரா கேட்டுச்சு."

எனக்குக் கை நின்றுவிட்டது. "என்ன பேசுறது கேட்டுச்சுங்க?" என்றேன்.

அவர் கன்றுக்குட்டியைப் பார்த்தார். "அதெல்லாம் நான் கவனிக்கலைங்க" என்றார்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கோயம்புத்தூர்ப் பெரியவர் பேசியது ஊருக்குக் கேட்டிருக்காது. நான் பேசியது மட்டும்தான் கேட்டிருக்கும். அது போதுமே. மாமியார் கூழ்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருப் பெண்களோடு கோயிலுக்கு நடந்துகொண்டே, மருமகளின் குரலைத் தலைக்கு மேலே கேட்டிருக்கிறார். முதலில் என் குரல் என்று சந்தோஷப்பட்டுக்கூட இருப்பார். அவர் அப்படித்தான். பிறகு அந்த வார்த்தை வந்திருக்கும். கூட நடந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்திருப்பார்கள், அல்லது பார்க்காமல் இருந்திருப்பார்கள். எது மோசம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

மாமியார் வெயில் தாழ்ந்துதான் திரும்பி வந்தார். சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன், இல்லை பதிலுக்குக் கத்தியிருப்பேன், இரண்டில் ஒன்று நடந்து முடிந்திருக்கும். அவர் ஒரு செம்பில் கோயில் கூழை என் முன்னால் வைத்து, "குடி, புளிச்சுப் போயிரும்" என்றார். அதோடு சரி.

அதன் பிறகு என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். எது வேண்டுமானாலும் ரேடியோ அறை வாசல் வரை நடந்து வருவார். நிலைப்படிக்கு வெளியிலேயே நிற்பார். நான் ஹெட்போனைக் கழற்றும் வரை காத்திருந்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று மெதுவாகக் கேட்பார். நான் ஆசைப்பட்ட அமைதி கிடைத்துவிட்டது. மைக்கில் ஒரு இரைச்சல் இல்லை. உங்கள் ஆடியோ இப்போது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது மேடம் என்று பாராட்டினார்கள்.

மன்னிப்புக் கேட்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தேன். கோயிலுக்குப் போய் ஆம்ப்ளிபயர் ஒயர்களையெல்லாம் கழற்றி, என் டப்பாவில் வைத்திருந்த கருப்புக் காந்த வளையங்களில் சுற்றிச் சுற்றிக் கோர்த்தேன். அந்த வளையங்கள் ரேடியோ அலையை உள்ளே விடாது. மைக்செட்காரரை நிறுத்தி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்து, திரும்பப் போய் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி, துளிச் சத்தம் வராதபடி செய்துவிட்டுத்தான் விட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையைச் செய்ததில்லை. அண்டா கழுவிக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி மட்டும், "ஏங்க்கா, நீங்களே வந்துட்டீங்க, வேலைக்கு ஆள் அனுப்ப வேண்டியதுதான?" என்றாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ஆடிக் கடைசி வெள்ளி. மாமியார் குடத்தோடு கோயிலுக்குப் போய்விட்டார். நான் ரேடியோவில் உட்கார்ந்தேன். செவலை கத்தியது. மதுரைக்காரர் ஒருவர், "பக்கத்து வீட்டு மாட்டுக்கு இன்னைக்கும் பசி போலிருக்கு மேடம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"அது எங்க மாடு சார்" என்றேன். "நான் டவுன்ல இல்ல, கிராமத்துல இருக்கேன். ஓட்டு வீடு. அன்னைக்குக் கூப்பிட்டது வேலைக்கார அம்மா இல்ல, என் மாமியார். நீங்க கேக்குற இந்த ஏரியலுக்குக் குழி வெட்டுனதே அவங்கதான். நான் பொய் சொன்னேன்." உரக்கச் சொன்னேன். ஊரே கேட்கட்டும், கூழ் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் கேட்கட்டும் என்று தொண்டை கிழியச் சொன்னேன். கோயம்புத்தூர்ப் பெரியவர், "அவங்களுக்கு எங்க வணக்கத்தைச் சொல்லுங்கம்மா" என்றார். மேடம் அம்மாவாகிவிட்டது.

ஹெட்போனைக் கழற்றினேன். கோயிலிலிருந்து அம்மன் பாட்டு ஒரு கீறல் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் என் வளையங்கள் நினைவுக்கு வந்தன.

சாயங்காலம் கொட்டகைக்குப் போனேன். மாமியார் குத்துக்காலிட்டுப் பால் கறந்துகொண்டிருந்தார். நான் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அத்தை, நான் அன்னைக்கு அப்படிச் சொன்னது தப்பு. இன்னைக்கு ரேடியோவுல எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிட்டேன். நீங்க என் மாமியார்னு சொல்லிட்டேன்."

அவர் கை நிற்கவில்லை. பால் செம்பில் சீராக விழுந்துகொண்டிருந்தது.

"அப்படியா" என்றார். கோபமே இல்லாத குரல். "நானும் கோயில்லதான் இருந்தேன். எங்க யாருக்கும் கேக்கலையே புள்ள."

செம்பை என்னிடம் நீட்டிவிட்டு எழுந்து போனார்.

இப்போது ரேடியோ அறைக் கதவைச் சாத்துவதில்லை. ஹெட்போனை ஒரு காதில் மட்டும்தான் மாட்டிக்கொள்கிறேன். இன்னொரு காது வாசலுக்கு. இன்னும் அவர் கூப்பிடவில்லை.