டோகோவுக்குப் போக நல்ல காலம்

எங்கள் ஊரில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். ஆனாலும் மொன்றியல் உணவகமொன்றில் எமிலியானுஸ் அண்ணையோடு ஒரே தொட்டியில்தான் கோப்பை கழுவினேன். அண்ணை மன்னார்க்காரர். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரே அறையில் இருந்தோம்.

அவருக்குப் பேசியிருந்த பெண் றொஷினி. கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன், வேறு சிலரோடு அவளையும் டோகோவின் தலைநகர் லோமேயில் ஒரு வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்தான். அண்ணை அங்கே போய்த் தாலி கட்டிப் பதிந்தால், மனைவியென்று முறையாகக் கூப்பிடலாம். ஆனால் அகதியான அவருக்குப் பயணப் பத்திரம் இன்னும் வரவில்லை. அவளுக்கு அந்த வீடு சிறை, இவருக்கு இந்த நாடு.

"டிகிரிக்காரா, அங்கை போக எது நல்ல காலம்?"

நூலகத்தில் வாசித்துவிட்டு வந்து சொன்னேன். "மார்கழி தொடக்கம் மாசி வரைக்கும், அண்ணை. மழை இல்லை. புழுதிக் காத்துத்தான். பங்குனி கடைசியிலை மழை துவங்கிடும்."

"இந்தப் பனியை விடவோ புழுதி?"

பத்திரம் மாசியில் வந்தது. அன்று தபசு காலம் துவங்கும் விபூதிப் புதன். நெற்றிச் சாம்பலோடு கடித உறையைக் கிழித்தவர், உடனே கொழும்பிலிருந்த தாய் பிலோமினம்மாவுக்குப் போன் எடுத்தார்.

"தபசு காலத்திலை தாலியோ? சனம் காறித் துப்பும். பாஸ்கா முடியட்டும், பேந்து கட்டு."

அண்ணை போகும் தேவாலயத்துச் சுவாமி, "அவசரத்துக்குப் பாவமில்லை, போ" என்றார். ஆனாலும் அண்ணை உயிர்த்த ஞாயிறான பாஸ்காவுக்கு அடுத்த கிழமைக்கே டிக்கெட் போட்டார்.

"மழை துவங்கிடும், அண்ணை."

"மழைக்குக் குடை இருக்கு. அம்மான்ரை வாய்க்கு என்ன இருக்கு?"

பெரிய வியாழனன்று லோமேக்குப் போன் எடுத்தோம். அந்த வீட்டின் சொந்தக்காரியோடு என் அரைகுறைப் பிரெஞ்சில் நான்தான் கதைத்தேன். ஏஜென்சிக்காரன் எல்லோரையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டானாம். வடக்கே, மாலியாக இருக்கலாமாம்.

அண்ணை ரிசீவரை என்னிடமிருந்து வாங்கிக் காதில் வைத்துக்கொண்டே நின்றார். அந்தப் பக்கம் வைத்து வெகுநேரமாகியிருந்தது.

பாஸ்கா காலையில் பிலோமினம்மா போன் எடுத்தார். குரல் எனக்கும் கேட்டது. லொறிக் கதையை அண்ணை அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

"இனித் தடையில்லை, மோனை. வெளிக்கிடு."

"ஓம், அம்மா."

போனை வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்த டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"டிகிரிக்காரா, மாலிக்குப் போக எது நல்ல காலம்?"

"இண்டைக்கு நூலகம் பூட்டு, அண்ணை" என்றேன்.