ஹ இல்லாத பஞ்சு

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிப் பஞ்சு தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் நின்றுகொண்டே பஸ் பயணம். வேலை நிரந்தரமில்லை. கல்லூரியில் பிரெஞ்சு படித்ததாக விண்ணப்பத்தில் எழுதித் தொலைத்திருந்தேன். மார்க்குக்காக எடுத்த பாடம் அது. மனப்பாடம் செய்து எழுதியதோடு சரி, வாய் திறந்து பேசியதே இல்லை.

பஞ்சு வாங்க பிரான்சிலிருந்து ஒருவர் வரப்போகிறார் என்றதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"அவிய பாஷையிலயே நம்ம பஞ்சப் பத்தி நீ சொல்லணும்மா. அவரு அசந்துபோவணும். பொறவு ஒன்ன நிரந்தரமாக்கிருதேன்."

நீரை உறிஞ்சும் பஞ்சுக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் மாதிரிப் பொட்டலத்தின் லேபிளில் இருந்தது. இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தால் 'ஹைட்ரோஃபைல்' என்றுதான் வாசிக்க வரும். பிரெஞ்சில் எப்படிச் சொல்வார்களோ!

பாண்டிச்சேரியிலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அக்கா ஒருத்தி இருந்தாள். பிரெஞ்சு பேசுவாள். அவளிடம் லேபிளைக் காட்டினேன். துணி அலசியபடியே சொன்னாள்.

"ஹ கிடையாது. எழுதுவாங்க, சொல்ல மாட்டாங்க. இ... த்ரோ... ஃபில்."

பள்ளிக்கூடத்தில் 'ஹவுஸ்' என்பதை 'அவுஸ்' என்று சொல்லிக் குட்டுப்பட்டு, படாதபாடு பட்டு வரவழைத்த ஹ அது. அதைத்தான் இப்போது விடச் சொல்கிறாள். எரிச்சலோடு "இத்-ரோ-பில்லு" என்றேன்.

"இத்துன்னு நிறுத்தாத. இ தனியா நிக்கும். த, ரோவோட ஒட்டிக்கும். அதுவும் தண்ணியில வர்ற த இல்ல, பந்துல வர்ற த. கடைசியில என்ன பில்லு? மளிகைக் கடையா வச்சிருக்க?"

பஸ்ஸில் முனகினேன், டைப் அடிக்கும்போது முனகினேன். "ஏட்டி, என்னத்த பெனாத்துத? செத்த நேரம் படு" என்று அம்மா சத்தம் போட்டாள். படுத்தாலும் நாக்கு சும்மா இருக்கவில்லை. ஒரு சொல்லுக்கு இம்புட்டு பாடா என்று அழுகை வந்தது.

பிரான்ஸ்காரர் வந்தார். பஞ்சை எடுத்து நீட்டி அந்தப் பெயரைச் சொன்னேன். இ தனியாக நின்றது, த ரோவோடு ஒட்டியது, ஹ எட்டிப் பார்க்கவே இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பிரெஞ்சில் மடமடவென்று பேச ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேள்வி கேட்டுவிட்டு அவர் காத்திருந்தபோது, போக்கிடமில்லாமல் அதே சொல்லை இன்னொரு தரம் சொன்னேன்.

"என்னம்மா கேக்குதாரு?" என்றார் முதலாளி. நான் பஞ்சைச் சுருட்டிப் பொட்டலத்துக்குள் திணிக்க ஆரம்பித்தேன். வந்தவர் சிரித்துவிட்டு அவரிடம் இங்கிலீஷில் பேச்சைத் தொடர்ந்தார். ஆர்டர் கிடைத்தது. நிரந்தரம் பற்றி முதலாளி அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்தபோது அக்கா வாசலில் நின்றிருந்தாள்.

"சரியா வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சுக்கா. கொஞ்சம் தப்பா வந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்."