தபால்காரர் செய்தது சரியா?

காலை எட்டரைக்கு நான் பள்ளிக்கு நடக்கும்போது டீக்கடை அக்கா தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "நாஷ்டா ஆச்சா டீச்சர்?" உத்திரமேரூர்ப் பக்கம் வந்த புதிதில், நான் டீச்சர் ஆவதற்கு முன்பே அவர் இதைக் கேட்டபோது, நாஷ்டா என்பது ரேஷன் அட்டை மாதிரி ஏதோ ஒரு காரியம் என்று நினைத்துக்கொண்டு, "இன்னும் ஆகல, வீட்டுக்காரர் பார்த்துக்கிறேன்னு சொல்லியிருக்கார்" என்று பதில் சொன்னேன். அவர் பதறிப்போய் நாலு இட்லியைத் தட்டில் வைத்து நீட்டினார். மறுநாள் விவரமாக, "பசியாறிட்டேன்" என்றேன். அப்போதும் இரக்கமாகத்தான் பார்த்தார். மலேசியாவில், நம் ஈப்போவில், காலைச் சாப்பாடே பசியாறல். இங்கே பசியாறினேன் என்றால் நாலு நாள் பட்டினி கிடந்தவள் என்று அர்த்தம். தமிழ் பேசும் ஊருக்குத்தானே போகிறாய், உனக்கென்ன கவலை என்று என்னை விமானம் ஏற்றிவிட்ட உங்களுக்கெல்லாம் இதைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன்.

அப்பாவின் சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று பார்த்துச் செய்த கல்யாணம். கணவர் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். நான் வந்த இரண்டாம் வருஷம், பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். மலேசியாவிலிருந்து வந்த மருமகள் சரளமாக இங்கிலீஷ் பேசுகிறாளாம் என்று கேள்விப்பட்டு, நிர்வாகமே தற்காலிகமாக என்னை அழைத்துக்கொண்டது. அது தொண்ணூறுகளின் கடைசி. பத்தாம் வகுப்பில் நாற்பது பேர். முதல் நாளே கடைசி வரிசைப் பையன் ஒருவன் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "ஒரே பேஜாரா கீது டீச்சர்" என்றான். நம் ஊரில் பாசார் என்றால் சந்தை. "பாசார்ல என்ன வாங்கப் போறே?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்து ஓய ஐந்து நிமிஷம் ஆனது. பேஜார் என்றால் தொல்லை. அந்த வருஷம் முழுக்க அந்தச் சொல் எனக்கு மிகவும் உதவியது.

பிள்ளைகளும் என்னிடமிருந்து, நாம் பேச்சின் முடிவில் ஒட்டும் 'லா'வைப் பிடித்துக்கொண்டார்கள். 'எஸ் லா', 'நோ லா' என்று நாற்பது பேரும் ஈப்போ சந்தைக்கடைக்காரர்களைப் போலப் பேச ஆரம்பித்தார்கள். அடுத்த வகுப்பு ஆசிரியை, இது எந்த இலக்கணத்தில் வருகிறது என்று என்னிடம் மரியாதையாக விசாரித்தார்.

நான்-டீடெயில் என்று ஒரு கதைப் புத்தகம் உண்டு. அதில் எல்லாக் கதையிலும் பனி கொட்டும். ஒருவருக்கு 'வார்ம் வெல்கம்' கிடைத்தது என்று படித்துவிட்டு, வெதுவெதுப்பான வரவேற்பு என்றேன். "வெயில்ல வர்றவங்களுக்கு இன்னாத்துக்கு டீச்சர் சூடு? மோரு குடுத்தா போதாதா?" என்று ஒரு பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. எழுதியவர் பனியிலே பிறந்தவர். எனக்கோ, என் மாணவர்களுக்கோ குளிர்பதனப் பெட்டிக்குள் உறைவதைத் தவிர வேறு பனி தெரியாது. மூன்று தேசத்து ஆட்கள் ஒரு கதைக்குள் உட்கார்ந்துகொண்டு ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தோம்.

மோர் கேட்ட அந்தப் பெண் கன்னியம்மா. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கமுள்ள இருளர் குடியிருப்பிலிருந்து வருபவள். அங்கிருந்து பத்தாம் வகுப்பு வரை வந்த முதல் ஆள் அவள்தான். அம்மாவும் அப்பாவும் அறுப்பு, நடவு என்று கூலிக்குப் போகிறவர்கள். கணக்கில் கெட்டி. ஆங்கிலம்தான் வழுக்கும்.

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த கதை ஒன்று இருந்தது. பனியில் நடந்து வரும் தபால்காரர், எழுத்துத் தெரியாத ஒரு விதவைத் தாய்க்குக் கடிதம் கொண்டுவருகிறார். மகன் இனி வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறான். தபால்காரர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, வசந்தத்தில் வருகிறேன் என்று எழுதியிருப்பதாகப் படித்துக் காட்டுகிறார். 'தபால்காரர் செய்தது சரியா?' என்பது பாடத்தின் கடைசிக் கேள்வி. சரி, அவர் கருணையுள்ளவர் என்று வழிகாட்டி நோட்ஸில் பதில் இருந்தது. நானும் அதையே எழுதிப் போட்டேன். நாற்பது பேரும் எழுதிக்கொண்டார்கள்.

அரையாண்டுத் தேர்வில் கன்னியம்மா ஆங்கிலத்தில் இருபத்திரண்டு வாங்கினாள். பொங்கல் கழிந்த வாரம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பள்ளி நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டும் என்று மேலிருந்து நெருக்குகிறார்கள், அவர் கீழே நெருக்குகிறார். உறையிலிட்ட ஒரு கடிதத்தைக் கொடுத்து, அவள் வீட்டில் சேர்த்துவிடுங்கள், உங்கள் பேச்சைத்தான் கேட்பார்கள் என்றார். மகள் பின்தங்கியிருப்பதால் இவ்வருடம் பொதுத்தேர்வு எழுத இயலாது, மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளவும் என்று அதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை வழியாக நடந்தேன். அறுப்பு இல்லாத நாள், அம்மாவும் அப்பாவும் வீட்டில் இருந்தார்கள். பாய் விரித்து உட்காரச் சொன்னார்கள். கன்னியம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். அவள் அம்மா உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"இன்னா டீச்சர் போட்டுக்கீது?"

அந்த முகத்தைப் பார்த்தேன். நாளைக்கே தலைமையாசிரியரிடம் கெஞ்சிக் கேட்டு இதை மாற்றிவிடலாம், அதுவரை எதற்கு இவர்களுக்கு வேதனை என்று தோன்றியது. கடிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை என்று படித்தேன். இருவரும் தலையாட்டினார்கள். அப்பா சிரிக்கவும் சிரித்தார்.

கன்னியம்மா குடத்தோடு என் பின்னால் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. குடத்தை இறக்கி வைத்து, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த தாளை வாங்கினாள். ஒருமுறை மனசுக்குள் படித்தாள்.

"இதுல அப்டி எயுதலியே டீச்சர்."

பிறகு தாய் தகப்பனைப் பார்த்து நின்று, நான் வகுப்பில் பழக்கிய மாதிரியே, ஒரு சொல் விடாமல் உரக்கப் படித்தாள். மாற்றுச் சான்றிதழ் என்ற இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் தடுக்கியது. எனக்கு முகம் எரிந்தது. மன்னிச்சிருங்க, உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் என்று இழுத்தேன். அவள் அம்மா என்னிடம் கோபப்படவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

"தாலுக்கா ஆபீஸ்லயும் இப்டித்தான் டீச்சர். எங்களுக்குப் படிச்சிக் காட்றவங்க அவங்களுக்குத் தோண்றத படிப்பாங்க. நீயாச்சும் உள்ளதச் சொல்லியிருக்கலாம். சொன்னாத்தான நாங்க கௌம்பி வர முடியும்."

அவர்கள் மறுநாள் காலையில் கிளம்பினார்கள். குடியிருப்பிலிருந்து ஒன்பது பேர், கூலியை விட்டுவிட்டு வந்து பள்ளி வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். சத்தமில்லை. யாராவது கேட்டால், எங்க பொண்ணு பரீட்சை எழுதணும் என்று மட்டும் சொன்னார்கள். கடிதம் கொடுத்தால் தலைகுனிந்து வாங்கிக்கொண்டு போவார்கள் என்றே எதிர்பார்த்த தலைமையாசிரியருக்கு, வந்து உட்காருகிறவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. மதிய மணி அடிப்பதற்குள் என்னை அழைத்து, நீங்கள் பொறுப்பேற்பீர்களா என்று கேட்டார். ஏற்கிறேன் லா என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மார்ச் வரை தினமும் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் நானும் அவளும் உட்கார்ந்தோம். அவள் என்னிடம் பழையபடிதான் பேசினாள். ஆனால் நான் எதைப் படித்துக் காட்டினாலும் ஒரு விரல் என் வரிக்குக் கீழே கூடவே நகரும்.

ஆங்கில இரண்டாம் தாளில் தபால்காரர் வந்தார். தேர்வு முடிந்து வெளியே வந்தவளிடம் என்ன எழுதினாய் என்று கேட்டேன்.

"நோன்னு எயுதினேன் டீச்சர். தி லெட்டர் ஈஸ் ஹெர் லெட்டர். ஹி ஈஸ் ஒன்லி ரீடர்."

நோட்ஸில் இல்லாத பதில். திருத்துகிறவர் எப்படிப்பட்டவரோ என்று இரண்டு மாதம் எனக்குப் பேஜாராகவே இருந்தது. ஜூனில் முடிவு வந்தது. ஆங்கிலத்தில் நாற்பத்தாறு. அந்தப் பதிலுக்கு மட்டும் எத்தனை மதிப்பெண் விழுந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. அவள் பதினொன்றாம் வகுப்புக்கு உத்திரமேரூருக்குப் போனாள்.

அவள் அங்கே சேர்ந்த அன்றைக்கு நான் ஒரு ஏரோகிராம் வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, தம்பிதான் படித்துக் காட்டுவான். வந்த நாளிலிருந்து நான் எழுதியதெல்லாம் நலம், மிக நலம், கிணற்றுத் தண்ணீர்கூட இனிக்கிறது என்றுதான். தண்ணீர் உப்பு. முதல் வருஷம் முழுக்கக் குளியலறையில் அழுதேன். கரு நின்று கலைந்ததை அவர்களுக்கு நான் சொல்லவேயில்லை. இப்போது தேறிவிட்டேன், இங்கே எனக்குச் சிரிக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மைதான். எல்லாவற்றையும் எழுதினேன். மேலே முதல் வரியாக, தம்பி, உள்ளதை உள்ளபடி படி என்று போட்டேன்.

மடித்து ஒட்டி முகவரி எழுத உட்கார்ந்தேன். அனுப்புநர் பக்கத்தில் தெரு, கிராமம், பின்கோடு எல்லாம் கை தானாக எழுதிக்கொண்டு போனது. திருப்பினேன். பெறுநர் பக்கத்தில், நான் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு, அம்மா பெயரையும், எங்கள் குடியிருப்பான தாமான் பெயரையும் எழுதிய பின் பேனா நின்றுவிட்டது. ஈப்போவின் அஞ்சல் எண் ஞாபகம் வரவில்லை. எழுந்து போய், தம்பியின் பழைய கடிதம் ஒன்றைத் தேடி எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக எழுதினேன்.