கருவிக்குள் போய்ச் சேராத என் குரல்

புனிதா, தினேஷ், இரண்டு பேரும் உட்கார்ந்து படியுங்கள். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே படியுங்கள்.

நான் நோட்டில் எழுதுகிறேன், தினேஷ் கம்ப்யூட்டரில் அடிக்கிறான். அடித்ததை நான் ஒருமுறை சரிபார்ப்பேன். எட்டாவது வரைதான் படித்தேன் என்றாலும் தமிழ் மீடியம். தமிழ் எனக்கு நன்றாகவே வாசிக்க வரும்.

ஆஸ்பத்திரி காரிடாரில் அப்பாவின் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே போகலாமா வேண்டாமா என்று நிற்கிற மற்றப் பிள்ளைகளும் இதைப் படிக்கட்டும். அதற்காகத்தான் வீட்டு விஷயத்தை இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறேன்.

முதல் அறிகுறி ஓட்டலில்தான் வந்தது. மல்லேஸ்வரத்தில் அந்த ஓட்டலில் இருபத்திரண்டு வருடம் சப்ளையராக இருந்தேன். மேசைக்கு யார் வந்தாலும் இட்லி, வடை, காராபாத், கேசரிபாத், ரவா இட்லி, செட் தோசை, மசால் தோசை, பூரி சாகு என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பேன். அன்று காலை பட்டியலில் ரவா இட்லி வந்தபோது நாக்கு மேலே எழவில்லை. வேறு ஏதோ சத்தம் வந்தது.

தினமும் வருகிற ஒருவர் சிரித்தார். “ஏனப்பா, பெளிகெனே ஹாக்கொண்டு பந்தித்தியா?” காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்தாயா என்று கன்னடத்தில் கேட்கிறார். நானும் சிரித்தேன்.

ஒரு மாதத்தில் சிரிக்கிற மாதிரி இல்லை. முதலாளி என்னை மேசையிலிருந்து எடுத்து டோக்கன் வாங்கும் இடத்தில் நிற்க வைத்தார். வீட்டில் உங்கள் அம்மா, நான் தூங்குகிறேன் என்று நினைத்து, என் வாயருகே வந்து மோந்து பார்த்தாள். குடித்ததே இல்லாத மனிதன் நான். கண்ணை மூடியபடியே கிடந்தேன்.

பிறகு ஆஸ்பத்திரி. தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஈ.எம்.ஜி. (தசைக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி, நரம்பிலிருந்து வரவேண்டிய மின்சாரம் சரியாக வந்து சேருகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்தார்கள். ஊசி நாக்கிலும் குத்தினார்கள். வலி பொறுக்கக் கூடியதுதான். இந்தச் சோதனைக்குப் போகிறவர்கள் பயப்பட வேண்டாம்.

முடிவு சொல்கிற நாளில் புனிதா என்னோடு வந்தாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் அவள் டாக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். டாக்டர் ஒரு நொடி யோசித்துவிட்டு என்னிடம், “நீங்க போய் எடை பார்த்துட்டு வாங்க” என்றார்.

போனேன். எடை மெஷின் முன் வரிசை இருந்தது. என் முறை வரக் காத்திருந்து, எடையை மனதில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். புனிதா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் என் எடையைக் கேட்கவே இல்லை.

காரிடாரில் ரிப்போர்ட்டை அவள் கையில் கொடுத்து, படி என்றேன். அவள் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே படித்தாள்.

“நரம்பு கொஞ்சம் வீக்காம்பா. மாத்திரை போட்டா நிக்குமாம். பயப்பட ஒண்ணுமில்லையாம்.”

நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? எங்கள் வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் அவள். கரண்டு பில், ஸ்கூல் நோட்டீஸ், ஓட்டல் முதலாளி கொடுத்த காகிதம் என எல்லாவற்றையும் பத்து வயதிலிருந்து அவள்தான் எனக்குப் படித்துச் சொல்வாள். ஒரு வார்த்தை தப்பியதில்லை.

எட்டு மாதம் மாத்திரை போட்டேன். பேச்சு குழைந்துகொண்டே போனது. தண்ணீர் குடித்தால் புரை ஏறியது. கடைசியில் நீங்கள் மூன்று பேர் மட்டும்தான் என் பேச்சைப் புரிந்துகொள்கிறீர்கள் என்ற நிலை வந்தது. “ஏன் இன்னும் சரியாவல?” என்று கேட்பேன். “டைம் ஆவும்பா” என்பாள் புனிதா.

அப்போதுதான் பேச்சுக் கருவிக்கு (நாம் தட்டச்சு செய்வதை, அல்லது தொடுகிற படத்தை, குரலாகச் சொல்லும் கருவி) என்னைச் சோதித்துப் பார்க்க வரச் சொன்னார்கள். “நாக்கு சரியாவற வரைக்கும்தான்பா” என்று சொல்லித்தான் என்னைக் கூட்டிப் போனாள். தினேஷும் உங்கள் அம்மாவும்கூட வந்தார்கள். நால்வராகப் போனதே எனக்கு ஏதோ கோயிலுக்குப் போவது மாதிரி இருந்தது.

சோதித்தவர் மைசூரிலிருந்து வந்த இளம்பெண், பேச்சுப் பயிற்சியாளர் (பேச்சையும் விழுங்குவதையும் பார்ப்பவர்). “என் தமிழ் ஸ்வல்ப அப்படி இப்படி இருக்கும் சார்” என்று சொல்லிவிட்டு, நாற்காலியை எனக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். முதல் கேள்விக்கே புனிதா பதில் சொல்லத் தொடங்கினாள்.

“கேள்வி சாருக்கு மேடம். நீங்க அஞ்சு நிமிஷம் சும்மா இருக்கணும்.”

எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

விரலால் புள்ளிகளைத் தொடச் சொன்னார். கழுத்தைத் திருப்பச் சொன்னார். கண்ணாடி போட்டும் போடாமலும் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். பிறகு தமிழ் எழுத்துகள் உள்ள ஒரு டேப்லெட்டை என் முன் வைத்து, மனதில் வருவதை அடியுங்கள் என்றார். எனக்கு வேறென்ன வரும்? ஓட்டல் பட்டியலை அடித்தேன். பொத்தானை அழுத்தினேன்.

“இட்லி, வடை, காராபாத், கேசரிபாத், ரவா இட்லி...”

ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஒரு ஆண் குரல். ரவா இட்லியில் அது தடுமாறவில்லை. எல்லோரும் சிரித்தோம். “அப்பா, எனக்கு ஒரு மசாலா!” என்றான் தினேஷ். அந்தச் சிரிப்புதான் நாம் பழையபடி சிரித்த கடைசிச் சிரிப்பு என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்து அவர் டேப்லெட்டின் கீழே ஒரு சின்னக் கேமராவை மாட்டினார். அது கண் எந்த எழுத்தைப் பார்க்கிறது என்று கண்டுபிடிக்குமாம். கை இல்லாமல் கண்ணாலேயே அடிக்கலாமாம். ‘கை நல்லா இருக்கே’ என்று அடித்தேன்.

“இப்போ நல்லா இருக்கு சார். அப்புறம் கைக்கும் வருமில்லையா, அந்த நேரத்துல புதுசா கத்துக்கறது கஷ்டம். இப்பவே பழகிட்டா...”

நான் புனிதாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். உங்கள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தினேஷ் எழுந்து ஜன்னலோரம் போனான். பயிற்சியாளர் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சார், உங்க நோய் என்னன்னு உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க?”

அடித்தேன். அழுத்தினேன்.

“நரம்பு வீக்னஸ். மாத்திரை போட்டால் நிற்கும்.”

புனிதா எனக்குச் சொன்னதை அந்த மெஷின் எல்லோர் முன்னாலும் சொன்னது. பயிற்சியாளர் எழுந்து போய் டாக்டரை அழைத்து வந்தார். இந்தத் தடவை யாரையும் எடை பார்க்க அனுப்பவில்லை.

டாக்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் நோய்). எனக்கு நாக்கிலும் தொண்டையிலும் தொடங்கியிருக்கிறது. கைகால்களுக்கு வரும். பிறகு மூச்சுக்கு. அறிவு பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மாத்திரை வேகத்தைச் சற்றுக் குறைக்கும், நிறுத்தாது. எத்தனை நாள் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

“குடும்பத்துல கேட்டுக்கிட்டாங்க. நானும் ஒத்துக்கிட்டேன். அது தப்பு” என்றார். அவர் அப்படிச் சொன்னதற்காக அவரை மதிக்கிறேன்.

இன்னொரு நாள் வருகிறீர்களா என்று பயிற்சியாளர் கேட்டார். இன்றே முடிப்போம் என்று தலையாட்டினேன். கருவியில் தமிழுக்கு இருந்தவை ஒரு ஆண் குரல், ஒரு பெண் குரல். ‘என் குரல்ல பேசாதா?’ என்று அடித்தேன்.

அவர் ஃபைலைப் புரட்டினார். பின்னாலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தார்.

“குரல் சேமிப்பு பத்தின பேப்பர் அன்னைக்கே கொடுத்திருக்காங்களே சார்...” என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

குரல் சேமிப்பு என்றால், பேச்சு தெளிவாக இருக்கும்போதே நிறைய வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்துவைப்பது. அதிலிருந்து கருவிக்கு நம் குரலையே செய்து கொடுப்பார்களாம். எட்டு மாதம் முன்பு செய்திருக்கலாம். அப்போது என் பேச்சு கொஞ்சம்தான் தடுமாறியது. இப்போது பதிவு செய்தால் குழைந்த பேச்சுதான் அதில் வரும்.

பதிவு செய்ய வேண்டுமென்றால் ஏன் என்று எனக்குச் சொல்ல வேண்டும். அதனால் தாள் மடிந்து ஃபைலுக்குப் பின்னால் போனது. எந்தக் காகிதத்தையும் நான்காக மடிப்பது நம் வீட்டில் யார் பழக்கம் என்று எனக்குத் தெரியும்.

ஆட்டோவில் ஓக்கலிபுரத்துக்குத் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் நான் நோட்டை எடுத்து ‘ஏன்?’ என்று எழுதி மேசைமேல் வைத்தேன்.

“நான்தான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்” என்றாள் உங்கள் அம்மா. “அவள ஒண்ணும் சொல்லாதீங்க.”

“எனக்குப் போன மாசம்தான்பா தெரியும்” என்றான் தினேஷ்.

ஆக, மூன்று பேர். என் உடம்புக்குள் நடப்பது என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

“சொல்லியிருந்தா நீங்க அன்னைக்கே படுத்துருப்பீங்கப்பா” என்றாள் புனிதா. “எட்டு மாசம் வேலைக்குப் போனீங்க. சிரிச்சிக்கினு இருந்தீங்க. அது நல்லதில்லையா?”

‘அது என் எட்டு மாசம்’ என்று எழுதினேன். அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்தது. ‘என் குரல்’ என்று கீழே எழுதினேன்.

அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

“பெரியப்பாவுக்கு நீங்க இன்னாப்பா பண்ணீங்க? டாக்டர் ரூமுக்கு வெளிய நின்னுக்கினு, பெரியப்பாவ டீ குடிக்கக் கூட்டினு போன்னு என்னையதானே அனுப்புனீங்க? நான் அப்போ பத்தாவது. திரும்பி வந்தப்போ அல்சர்னு சொன்னீங்க. எனக்கு வேற எப்படிப்பா தெரியும்? இப்படித்தான் பண்ணணும்னு நெனச்சேன்.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

என் அண்ணனுக்கு வயிற்றில் புற்றுநோய். கடைசி வாரத்தில் என்னைக் கிட்டே கூப்பிட்டு, “டேய், இது அல்சர்தானா?” என்று கேட்டார். “பின்ன இன்னா? கஞ்சி குடி” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கஞ்சியைக் குடித்தார். அந்தப் பார்வையை இத்தனை வருடம் நோயின் சோர்வு என்று நினைத்திருந்தேன். அன்று ஆஸ்பத்திரியில் நான் புனிதாவைப் பார்த்ததும் அதே பார்வைதான்.

ஆனாலும் புனிதா, உன்மேல் கோபம் போய்விட்டது என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். போகவில்லை. பாசத்தில்தான் செய்தாய் என்று தெரியும். தெரிந்தும் போகவில்லை. நீ இப்போது எந்தக் காகிதத்தைப் படித்துச் சொன்னாலும், பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்னொரு தடவை காட்டலாமா என்று ஒரு நினைப்பு வருகிறது. அந்த நினைப்புக்காக எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதையும் நீ தெரிந்துகொள்.

பழைய வாட்ஸாப் குரல் செய்திகள் இருந்தால் அப்படியே பொத்தானாக வைக்கலாம் என்றார் பயிற்சியாளர். எல்லோருடைய போனிலும் தேடினீர்கள். நீங்கள் போன் மாற்றியதில் மிச்சம் ஒன்றே ஒன்றுதான். “புனிதா, வரும்போது கொத்தமல்லி வாங்கினு வா.” பின்னால் குக்கர் சத்தம். இனி என் சொந்தக் குரலில் நான் கேட்கக்கூடிய பொருள் கொத்தமல்லி மட்டும்தான். தினேஷ் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு நிஜமாகவே ஒரு கட்டு வாங்கி வந்தான். சிரிப்பு வந்தது, தொண்டை அடைத்துக்கொண்டது, புரை ஏறியது. என் உடம்பில் இப்போது இவை மூன்றும் ஒன்றுபோலவே நடக்கின்றன.

பழகிப் பார்க்கக் கருவியைக் கொஞ்ச நாளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒரு வாக்கியம் அடித்து முடிப்பதற்குள் வீட்டுப் பேச்சு வேறு எங்கோ போய்விடுகிறது. என் பதில் எப்போதும் முடிந்துபோன பேச்சுக்கே வந்து சேருகிறது. காலையில் சட்டைப் பொத்தானைப் போடும்போது விரல்களைப் பார்த்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் நாள் என்றால் ஓட்டல் திறப்பதும் மூடுவதும். இப்போது, போன வாரம் செய்ய முடிந்தது இந்த வாரமும் செய்ய முடிகிறதா என்பதுதான்.

இதைப் படிக்கிற மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்று. உங்கள் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அழுவார். அழட்டும். பேச வேண்டியதை அவர் பேசிவைத்துக்கொள்வார்.

ஒரு மத்தியானம் நீங்கள் இருவரும் வேலைக்கும் காலேஜுக்கும் போயிருந்தீர்கள். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். கருவியை எடுத்துப் போய் சுவரில் அண்ணன் போட்டோவுக்குக் கீழே, மிக்ஸி வைக்கிற பலகையில் வைத்தேன். நின்றபடியே அடித்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். ‘அண்ணா, உனக்கு வந்தது அல்சர் இல்லை. கேன்சர். எனக்கு அன்றே தெரியும்.’

அழுத்தினேன். அந்த நேரம் பார்த்து வீட்டுக்குப் பின்னால் ரயில் வந்தது. ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கடைசிப் பெட்டி போகிற வரை காத்திருந்தேன். பிறகு சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்து, மறுபடியும் அழுத்தினேன்.